இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில்

"நான் எந்த நம்பர் பேரிங் போட்டிருக்கணும், அம்மிணி?"

வையாபுரி வந்ததும் கேட்டது இதைத்தான். வணக்கம் சொல்லவில்லை. உட்காரவும் இல்லை. செருப்பைப் பட்டறை வாசலில் விட்டுவிட்டு நேராக உள்ளே வந்து கேட்டார்.

செங்கமலம் அளவு மேசையில் குனிந்திருந்தாள். நிமிரவில்லை.

"போட்டது எந்த நம்பர்?"

"இருபது."

"ஏன் இருபது?"

"பழைய பேரிங்கோட முதுகுல இருபதுன்னு அடிச்சிருந்துச்சுங்க."

"அந்தப் பழைய பேரிங்கைப் போட்டது யாரு?"

"யாரோ. எனக்கு முன்னால எவனோ ஒரு மெக்கானிக்கு."

"ஆளைத் தெரியாது. ஆனா அவன் சொன்னதை நம்பிட்டீங்க."



"வளையல் வாங்கப் போறவங்க பழைய வளையலைத்தானுங்க அளவுக்கு எடுத்துட்டுப் போறாங்க?"

"கை இளைச்சிருந்தா?"



*

எஞ்சினுக்குள் கிராங்க் என்று ஒரு இரும்புத் தண்டு சுற்றுகிறது. பிஸ்டன்கள் இடிக்கிற இடியை எல்லாம் வாங்கிச் சக்கரத்துக்கு அனுப்புவது அதுதான். அந்தத் தண்டில் வழவழப்பான உருளைகள் சில உண்டு. ஜர்னல் என்பார்கள். ஒவ்வொரு ஜர்னலையும் அரைவட்டமான இரண்டு தகடுகள் சுற்றிப் பிடித்திருக்கும். அவைதான் பேரிங்.

ஜர்னல் தேய்ந்தால் கிரைண்டிங் மெஷினில் கொடுத்து இளைக்க வைப்பார்கள். இளைத்த அளவுக்குத் தடித்த பேரிங் போடுவார்கள். பத்து, இருபது, முப்பது, நாற்பது. நாலே நம்பர்தான். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் எத்தனை இளைத்திருக்கிறது என்கிற கணக்கு அது. ஒரு தலைமுடியின் தடிமன் மூன்று வரும்.

வையாபுரிக்கு இதெல்லாம் முப்பது வருஷமாகத் தெரியும். வயது ஐம்பத்திரண்டு. மலையடிவாரத்தில், செக்போஸ்ட்டைத் தாண்டி, ஒரு தகரக் கொட்டகையில் எஞ்சின் வேலை பார்த்தவர். மலைக்கு ஓடுகிற பதினோரு ஜீப்பில் ஏழு அவர் கை பட்டது.

செங்கமலத்துக்கு முப்பத்து நாலு. டவுனில் இருக்கிற கிராங்க் கிரைண்டிங் பட்டறையில் அளவு பார்க்கிறவள். பட்டறைக்கு முதலாளி வேறு ஆள். ஆனால் அவள் அளந்து தலையாட்டாத கிராங்க் வெளியே போகாது. முதலாளியின் மச்சானுடையதாக இருந்தாலும் போகாது.

நாவக்காட்டுச் சடையனின் ஜீப் எஞ்சினைப் பிரித்துக் கட்டியது வையாபுரி. கட்டிக் கொடுத்த பதினேழாம் நாள் அது மலையில் இறுகி நின்றது.

நாவக்காட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முதலில் ஒரு மேடு ஏற வேண்டும். அப்புறம்தான் இறக்கம். மேட்டில் பாதி ஏறும்போது நின்றது. உள்ளே சடையனின் மனைவி வெள்ளையம்மா வலியோடு படுத்திருந்தாள். போர்வையில் தூளி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு மீதி மேட்டை ஏறி இறங்கினார்கள்.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

சடையன் வையாபுரியைத் திட்டவில்லை. சட்டையைப் பிடிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஞ்சினை இறக்கி வேறு வண்டியில் ஏற்றி, டவுனுக்குக் கொண்டுவந்து இந்தப் பட்டறையில் போட்டுவிட்டுப் போனான்.

அதன் பின்னாலேயே பஸ் ஏறி வந்தவர்தான் வையாபுரி.

"நம்பரை மட்டும் சொல்லிருங்க, அம்மிணி. நான் போயிர்றேன்."

செங்கமலம் மேசையில் இருந்த மைக்ரோமீட்டரை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"இதைப் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

கிரைண்டிங் மெஷினில் நின்ற பொன்னுரங்கம் சிரித்தான்.

"முப்பது வருஷமா எதை வச்சு அளந்தீங்க, அண்ணா?"

"கையை வச்சு. பேரிங்கைப் போட்டு முடுக்கிட்டு ஆட்டிப் பார்ப்பேன். ஆட்டம் இருந்தா கைக்குத் தெரியும்."

"அப்ப ஆஸ்பத்திரியில தெர்மாமீட்டரை எல்லாம் தூக்கிப் போட்டுறலாம். நெத்தியைத் தொட்டுப் பார்த்தாப் போதும்."

ஆஸ்பத்திரி என்ற வார்த்தை விழுந்ததும் வையாபுரியின் முகம் மாறியது. பொன்னுரங்கத்துக்கு விஷயம் தெரியாது.

"மெஷினைப் பாரு, பொன்னுரங்கம்" என்றாள் செங்கமலம்.

பிறகு வையாபுரியிடம் சொன்னாள்.

"சடையன் கிராங்கு முறை வர்றதுக்கு ஒன்பது நாள் இருக்குது. அதுவரைக்கும் இங்க இருங்க."

"இருந்து?"

"அளங்க."

*

முதல் நாள் ஒரே ஜர்னலை மூன்று தடவை அளந்தார். மூன்று அளவு வந்தது.

"கருவி சரியில்லைங்க."

செங்கமலம் வாங்கி அளந்தாள். மூன்று தடவையும் ஒரே அளவு.

"கருவி நல்லாத்தான் இருக்குது."

"அப்ப எனக்கு ஏன் இப்படி வருது?"

"கை இறுக்குது. இறுக்கிப் பிடிச்சா நீங்க கேக்கறதைத்தான் அது சொல்லும். அது சொல்றதை நீங்க கேக்கணும்."

"சரிங்க."

"இன்னொரு தடவை."

அன்றைக்கு அறுபது தடவை அளந்தார். சாயங்காலம் கட்டைவிரலில் காப்புக் காய்த்த இடம் சிவந்திருந்தது. பாத்திரக் கடை வைத்திருந்த தூரத்து உறவுக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டார். எதற்கு வந்திருக்கிறார் என்று அவர்கள் கேட்டதற்கு, "படிக்க" என்றார். அவர்கள் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

இரண்டாம் நாளில் இருந்து செங்கமலம் ஒரு காரியம் செய்தாள். தான் முதலில் அளப்பாள். அளவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, எண்ணெய்க் குப்பிக்கு அடியில் வைப்பாள். அப்புறம் அவரை அளக்கச் சொல்வாள். அவர் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் சீட்டைப் பிரிப்பாள்.

மூன்றாம் நாள் பாதி சரி. நாலாம் நாள் முக்கால்வாசி சரி.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு கிராங்கைக் காட்டினாள்.

"இது சுத்தமா இருபதுங்கண்ணா. சும்மா ஒரு தடவை பார்த்துட்டு அந்தப் பக்கம் எடுத்து வைங்க."

வையாபுரி அளந்தார்.

"ஆமாங்க. இருபது."

செங்கமலம் சீட்டைப் பிரித்தாள். இருபத்து மூன்று என்று எழுதியிருந்தது.

வையாபுரி சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருபதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்ப எங்கிட்டப் பொய் சொன்னீங்களா?"

"ஆமா. நீங்க எதை அளந்தீங்க?"

அவர் திரும்பவும் அளந்தார். இருபத்து மூன்று. இன்னொரு தடவை அளந்தார். இருபத்து மூன்று. ஒரு தலைமுடி. அவ்வளவு வித்தியாசத்தை அவர் கை சற்று முன்னால் தாண்டிப் போயிருந்தது.

மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

"அண்ணா, சோறு வீணாப் போகுது" என்றான் பொன்னுரங்கம். அதற்குள் அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. குரலில் கேலி இல்லை. "அம்மிணி எல்லாருக்கும் ஒரு தடவை இப்படிச் செய்யும். எனக்கும் செஞ்சுச்சு."

"நீ என்ன சொன்னே?"

"இருபதுன்னுதான்."

*

ஆறாம் நாள் கட்டி முடித்த கார் எஞ்சின் ஒன்று மேசை மேல் இருந்தது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற ராட் ஒன்றை வையாபுரி பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தார்.

"இதுல லேசா ஆட்டம் இருக்குதுங்க."

"எவ்வளவு?"

"ஒரு தலைமுடி. அதுகூட இருக்காது."

"அது இருக்கணும்."

"என் எஞ்சின்ல ஆட்டமே இருக்காது, அம்மிணி. கல்லு மாதிரி நிக்கும். மலைக்காரங்க அதுக்குத்தான் என்னைத் தேடி வருவாங்க."

செங்கமலம் எண்ணெய்க் குப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்ப இது எங்க போய் நிக்கும்?"

வையாபுரி குப்பியைப் பிடித்தபடி நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"கீழ வச்சுட்டாவது யோசிங்கண்ணா" என்றான் பொன்னுரங்கம். "ஒழுகுது."

*

எட்டாம் நாள் காலையில் வையாபுரி மறுபடியும் கேட்டார்.

"இத்தனை அளந்தாச்சு. இப்பவாவது சொல்லுங்க. சடையன் எஞ்சினுக்கு எந்த நம்பர் போட்டிருக்கணும்?"

"அந்தக் கிராங்கு நாளைக்கு மெஷினுக்குப் போகுது" என்றாள் செங்கமலம். "சாணைக்கல்லு பட்டா இப்ப இருக்கிற அளவு போயிரும். அப்புறம் நீங்களும் அளக்க முடியாது, நானும் அளக்க முடியாது. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அது அங்க இருக்கும்."

சுவர் ஓரத்தில் சாக்கு விரித்து அதன் மேல் வைத்திருந்தாள். வந்த முதல் நாளில் இருந்து வையாபுரி அந்தப் பக்கம் போனதே இல்லை. தண்ணீர் குடிக்கப் போனால்கூட மெஷினைச் சுற்றிப் போய்விடுவார்.

எழுந்து வெளியே போனார். டீக் குடித்தார். இன்னொரு டீயும் குடித்தார். நியாய விலைக் கடை வரைக்கும் நடந்து திரும்பி வந்தார்.

"அம்மிணி, அதை மட்டும் நீங்களே அளந்து சொல்லிருங்க."

"நான் அளந்து எட்டு நாளாச்சு."

"சீட்டு?"

"இருக்குது."

"காட்டுங்க."

"நீங்க அளந்ததுக்கு அப்புறம்."

மணி நாலாகும் வரை அவர் வேறு கிராங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே துடைத்தார்.

நாலு மணிக்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். சாக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மூன்றாவது ஜர்னல் கருத்துக் கிடந்தது. இறுகியது அங்கேதான். அதில் அளக்க ஒன்றும் மிச்சம் இல்லை. மற்ற மூன்றையும் அளந்தார். ஒவ்வொன்றிலும் நாலு இடம். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"இருபத்து நாலு" என்றார். "இருபத்து நாலரை. இருபத்தஞ்சு."

செங்கமலம் சீட்டைப் பிரித்துக் கீழே, அவர் கண்ணுக்கு நேராக வைத்தாள். அதுவும் அதையே சொன்னது.

"இப்ப நீங்க சொல்லுங்கண்ணா" என்றாள். "எந்த நம்பர் போட்டிருக்கணும்?"

வையாபுரி விரலை மடக்கினார்.

"இருபது போட்டா லூசு. முப்பது போட்டா முடுக்கவே முடியாது."

"ஆமா."

"இதுக்கு நம்பரே இல்லைங்க."

"இல்ல."

"எந்தக் கடையில கேட்டாலும் கிடைக்காது."

"கிடைக்காது. கிரைண்டிங் போட்டு முப்பதுக்குக் கொண்டு வந்துட்டுத்தான் பேரிங்கைப் பத்தியே பேசணும்."

மெஷின் நின்றது. பொன்னுரங்கம் டீக் குடிக்கப் போகிற மாதிரி வெளியே போனான்.

"பழைய பேரிங்கைக் கழட்டினப்ப பின்னால ஈயத்தாள் இருந்துச்சு" என்றார் வையாபுரி.

சிகரெட் பெட்டிக்குள் வருகிற மினுமினுப்பான தாள் அது. அதை வெட்டிப் பேரிங்குக்குப் பின்னால் வைத்தால் பேரிங் கொஞ்சம் உள்ளே தள்ளும். ஆட்டம் போன மாதிரி இருக்கும். நடுவழியில் நின்ற வண்டியை ஊர் கொண்டு போய்ச் சேர்ப்பதற்கு ரோட்டோரத்தில் செய்கிற வேலை. ஊர் போய்ச் சேர்வதற்கு மட்டும்.

"எனக்கு முன்னால பார்த்தவன் வச்சிருந்தான். நான் பார்த்தேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு, அம்மிணி, இருபது பத்தாதுன்னு. தெரிஞ்சும் புதுசா இருபதையே போட்டு, தாளும் புதுசா வெட்டி நாலுலயும் வச்சேன். வச்சு முடுக்கி ஆட்டிப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்னுச்சு."

செங்கமலம் சீட்டை எடுத்து மடித்தாள்.

"கிராங்கை இங்க கொண்டாந்தா பத்து நாளாகும். சடையன் பக்கத்துலயே நின்னான். அவளுக்கு மாசமாயிருச்சு மேஸ்திரி, வண்டி இல்லாம முடியாது மேஸ்திரின்னு சொல்லிட்டே நின்னான். நல்லது செய்யறதா நெனச்சுத்தானுங்க வச்சேன்."

அவள் மேசைக்கு அடியில் இருந்து ஒரு டப்பா மூடியை எடுத்து வைத்தாள். அதில் மூன்றாவது ஜர்னலின் பேரிங் இருந்தது. முதுகில் தாள் ஒரு பக்கமாகச் சுருண்டு புடைத்து ஒட்டியிருந்தது. அந்தப் புடைப்புக்கு நேராகத்தான் உள்பக்கம் எரிந்திருந்தது.

வையாபுரி அதைத் தொடவில்லை.

"இது உங்களுக்கு மொதல் நாளே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏனுங்க அன்னைக்கே சொல்லல?"

"நீங்க நம்பரைத்தானே கேட்டீங்க."

*

மறுநாள் கிராங்க் மெஷினில் ஏறியது. கல் சுற்ற, சூடு தணிக்கிற வெள்ளைத் தண்ணீர் கொட்ட, பொன்னுரங்கம் மெல்ல மெல்லக் கொடுத்தான். முப்பதுக்கு வந்தபோது மூன்று ஜர்னல்கள் கண்ணாடியாகிவிட்டன. கருத்துக் கிடந்தது மட்டும் கோடு கோடாக நின்றது.

"அன்னைக்கே கொண்டாந்திருந்தா முப்பதுலயே முடிஞ்சிருக்கும்" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லு" என்றார் வையாபுரி. "நெசந்தானே."

நாற்பதுக்கு இறக்கினார்கள். கோடு போனது.

"நாற்பதுக்கு அப்புறம், அம்மிணி?"

"அப்புறம் நம்பர் கிடையாது."

கிராங்கை மெஷினில் இருந்து எடுத்து வைத்த நேரத்தில்தான் சடையன் வந்தான். முழங்கால் வரை செம்மண். நடந்து இறங்கி வந்திருந்தான். செங்கமலத்திடம் போகாமல் வையாபுரியின் எதிரில் வந்து நின்றான்.

"இன்னைக்கு ஆயிருமா, மேஸ்திரி?"

அந்த மேட்டில் எஞ்சின் நின்ற நாளில் இருந்து அவன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"எங்க ஊருக்கு வேற ஜீப்பு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். மேல ரெண்டு பொம்பளைங்க மாசமா இருக்காங்க. ஒருத்திக்கு இந்த வாரம்."

வையாபுரி கிராங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். அவர் கையில் மைக்ரோமீட்டர் இருந்தது. அளக்கவில்லை.

"இன்னைக்கு ஆகாது, சடையா. நாளைக்குக் காலையிலதான் அளக்கவே முடியும்."

"ஏன்?"

"இன்னும் சூடு இருக்குது. இப்ப அளந்தா இது சொல்ற அளவு நெசமில்லை."

"பேரிங்கு வாங்கியாச்சில்ல? போட்டுக் கட்ட வேண்டியதுதானே?"

"சூடு ஆறட்டும்."

சடையன் செங்கமலத்தைப் பார்த்தான். அவள் வேறு ஒரு கிராங்கில் எண் குத்திக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி இருந்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டதும் கட்டிக் குடுத்தீங்க" என்றான் சடையன்.

"ஆமா" என்றார் வையாபுரி. "இன்னைக்கு முடியாது."

அவன் பஸ் ஸ்டாண்டு பக்கமாகப் போனான்.

காலையில் வையாபுரி பதினாறு இடத்தில் அளந்தார். நாற்பது. புதுப் பேரிங் பெட்டியிலும் நாற்பது என்றுதான் போட்டிருந்தது. அதையும் ஒவ்வொன்றாக எடுத்து அளந்தார்.

"கம்பெனிக்காரனையும் நம்ப மாட்டீங்களா?" என்றான் பொன்னுரங்கம்.

"பெட்டிக்கு மேல இருக்கறது பெட்டியோட நம்பர், தம்பி."

ஒவ்வொரு ஜர்னல் மேலும் மெழுகு இழை ஒன்றை வைத்துப் பேரிங்கை முடுக்கி, திரும்பக் கழற்றி, இழை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தார். எண்ணெய் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கட்டினார். கட்டிவிட்டு ஆட்டிப் பார்க்கவில்லை.

*

எஞ்சின் கட்டிய மூன்றாம் நாள் ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு வெள்ளையம்மாவும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கு. காட்டிவிட்டு வந்து ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கி வா, டீக் குடி என்று பொன்னுரங்கம் எவ்வளவோ கூப்பிட்டும் வரவில்லை.

எஞ்சின் ஏறியது. ஸ்டார்ட் ஆனது. சத்தம் சீராக இருந்தது. ஆயில் பிரஷர் முள் மேலே போய் நின்றது. அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினார்கள்.

வையாபுரி கையைத் துடைத்துக்கொண்டு சடையனிடம் நடந்தார். பொன்னுரங்கம் குறுக்கே வந்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணா, எஞ்சின் நல்லா வந்துருச்சு. இனி எதுக்குப் பழசைக் கிளறணும்?"

வையாபுரி அவனை விலக்கிக்கொண்டு போனார்.

"சடையா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"வண்டி நின்னதுக்கு நான்தான் காரணம். பேரிங்குக்குப் பின்னால ஈயத்தாள் வச்சேன். கூடாதுன்னு தெரிஞ்சே வச்சேன்."

சடையன் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாள் ஏது?"

வையாபுரி துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"தாள் ஏதுன்னு கேக்கறேன், மேஸ்திரி."

"அதை விடு."

"என் சட்டைப் பையில இருந்த பெட்டி. நான்தான் கிழிச்சுக் குடுத்தேன்."

"எதுக்குன்னு தெரியாமக் குடுத்தே."

"பதினாறு வருஷமா ஜீப்பு ஓட்டறேன். எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? வண்டியை டவுனுக்குக் கொண்டு போகச் சொல்லிருவீங்களோன்னு பயந்துக்கிட்டே நின்னேன். நீங்க தாள் இருக்கான்னு கேட்டதும் எனக்கு உசுரு வந்துச்சு."

அவன் குரல் இறங்கியது.

"உங்களை வந்து நாலு கேள்வி கேக்கணும்னு ஊர்ல அத்தனை பேரும் சொன்னாங்க. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்து கேப்பேன்? அவகிட்டயே இன்னும் சொல்லல."

"எனக்குக் காது கேக்குது" என்றாள் வெள்ளையம்மா.

ஜீப்புக்கு உள்ளே இருந்து வந்த குரல். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சடையன் செங்கமலத்திடம் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அம்மிணி, நீங்க அளவு தெரிஞ்சவங்க. நீங்க சொல்லுங்க. இதுல அவரு மேல எவ்வளவு, என் மேல எவ்வளவு?"

செங்கமலம் கையில் இருந்த மைக்ரோமீட்டரைத் துடைத்தாள். பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியை மூடினாள்.

"பங்கு பிரிச்சு முடிச்சாச்சா?" என்றாள் வெள்ளையம்மா.

சடையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மேல மாசமா இருக்கிற காமாயிக்கு நேத்தே இடுப்பு வலி. பொய் வலின்னு சொல்லிப் படுக்க வச்சுட்டு வந்திருக்கோம். இந்த வண்டி மேடு ஏறுமா, ஏறாதா? அதை யாராச்சும் சொல்லுங்க."

சடையன் வையாபுரியைப் பார்த்தான்.

வையாபுரி செங்கமலத்தைப் பார்த்தார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

ஏழு ஜீப்புக்கு அவர் வாயில் ஒரே பதில்தான் இருந்தது. பூ மாதிரி ஏறும், போ. அந்தப் பதில் இப்போதும் நாக்கு வரைக்கும் வந்தது.

அவர் ஜீப்பின் பின்பக்கம் போனார். கதவைத் திறந்தார். அன்றைக்கு வெள்ளையம்மா வலியோடு படுத்திருந்த பலகையில் ஏறி உட்கார்ந்தார். கதவை உள்ளே இருந்து இழுத்துச் சாத்தினார்.

வெள்ளையம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"வண்டியை எடுங்க" என்றாள்.